பக்கத்து வீட்டில் பேண்ட் பிராக்டிஸா? நான் செய்த தவறுகளை நீங்கள் செய்யாதீர்கள்

கடலூர் புதுப்பாளையத்தில் எங்கள் தெருவில் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்பவை. பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடினால் அரைபடுவது சட்னியா பொடியா என்று இங்கிருந்தே சொல்லிவிடலாம். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் சாயங்காலம், அந்த வீட்டு மொட்டை மாடியில் தகர ஷீட் போட்ட கொட்டகைக்கு ட்ரம்ஸ் ஏறியது. பின்னாலேயே கீபோர்டு, பேஸ் கிட்டார், இடுப்பு உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர். கோயில் திருவிழா, கல்யாண ரிசப்ஷன் என்று இன்னிசைக் கச்சேரி பண்ணுகிற ஏழு பேர் கொண்ட குழு. அந்த வீட்டுப் பையன்தான் பாடகன். நன்றாகவே பாடுவான், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரே பாட்டின் இரண்டாவது சரணத்தை ஒரே ராத்திரியில் 14 தடவை கேட்டால் எவ்வளவு நல்ல குரலும் கசக்கும்.

நான் செய்த முதல் தவறு, பல்லைக் கடித்துக்கொண்டு ஐந்து மாதம் சும்மா இருந்தது. வளர்ற பசங்க, பொழைப்பு, போகட்டும் என்று பெருந்தன்மையாக இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் அது பெருந்தன்மை இல்லை, சேமிப்பு. ஒவ்வொரு நாள் எரிச்சலையும் உள்ளே போட்டு வைத்து, ஒரு நாள் வட்டியோடு எடுத்துக் கொட்டினேன். ராத்திரி ஒன்பதரை மணிக்கு, கைலியோடு, அவர்கள் மாடிப்படி ஏறிப் போய், "குடும்பம் இருக்கிற தெருவுல என்னடா கூத்தடிக்கிறீங்க" என்று கத்தினேன். அன்றைக்கென்று பாட வந்திருந்த புதுப் பெண்ணும், துணைக்கு வந்த அவள் அப்பாவும் ஒரு ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். பையன் முகம் போன போக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. மறுநாள் அரை மணி நேரம் கூடுதலாக வாசித்தார்கள். வேறு என்ன நடக்கும்?

ரொம்ப நாள் கழித்து அவன் அம்மா சொன்னார்கள், "நீங்க ஒரு வார்த்தை சொல்லலையே சார், உங்களுக்குப் பாட்டுன்னா புடிக்கும்னுல்ல நெனச்சோம்." அது சமாளிப்பு என்று நான் நினைக்கவில்லை. வாசிக்கிறவர்களுக்குத் தங்கள் சத்தம் அடுத்த வீட்டில் எப்படிக் கேட்கிறது என்று நிஜமாகவே தெரியாது, அவர்கள் ஸ்பீக்கருக்குப் பக்கத்திலேயே நிற்கிறார்கள், காது அதற்குப் பழகிவிடுகிறது. அதனால் முதல் வாரத்திலேயே போய்ச் சொல்லிவிடுங்கள். பிராக்டிஸ் நடக்கும்போது போகாதீர்கள், அடுத்த நாள் காலையில், கூட்டாளிகள் இல்லாத நேரத்தில் போங்கள். நாலு பேர் முன்னால் இறங்கி வந்தால் அவனுக்கு மானக்கேடு, தனியாக இருந்தால் "சரிங்க சார்" என்று சொல்ல எதுவும் தடுக்காது.

போனவுடன் "இதை நிறுத்துங்க" என்று ஆரம்பிப்பது அடுத்த தவறு. அது அவர்கள் வருமானம், நிறுத்த மாட்டார்கள். உங்களை எது கொல்கிறது என்று முதலில் நீங்களே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். எனக்குப் பாட்டு பிரச்சினையே இல்லை என்று யோசித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. காலால் மிதித்து அடிக்கும் பெரிய ட்ரம், அந்தக் கிக் ட்ரம்மின் 'தும் தும்' மட்டும்தான் தாங்கவில்லை. எங்கள் சமையலறை அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்களைக் கவிழ்த்து அடுக்கியிருப்போம், ஒவ்வொரு அடிக்கும் அவை ஒன்றோடொன்று இடித்துக் கிணுகிணுக்கும். இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவர் ஒன்றுதான். ட்ரம்ஸ் நேராகக் காங்கிரீட் தளத்தின் மேல் இருந்ததால் அடி தளத்தில் இறங்கி, அங்கிருந்து சுவர் வழியாக எங்கள் வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தது. இதற்கு ஜன்னலைச் சாத்தி ஒரு புண்ணியமும் இல்லை. "சத்தமா இருக்கு" என்று பொதுவாகச் சொல்வதற்கும், "தம்பி, கிக் அடிக்கும்போது மட்டும் சுவர் அதிருது, இங்க வந்து டம்ளரைப் பாரு" என்று கூட்டிக்கொண்டு வந்து காட்டுவதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

நடுவில் ஒரு முட்டாள்தனம் செய்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். பழிக்குப் பழியாக, ராத்திரி லேட்டாகத் தூங்குகிற பசங்களை எழுப்ப வேண்டும் என்றே காலை ஐந்து மணிக்கு மாடியில் ஸ்பீக்கரை வைத்துச் சுப்ரபாதம் போட்டேன். மூன்று நாள். நாலாவது நாள் எதிர் வீட்டு வக்கீல் சார் கூப்பிட்டு நிதானமாகச் சொன்னார், "சட்டப்படி ராத்திரின்னா பத்துலேருந்து காலைல ஆறு வரைக்கும். அவங்க ஒன்பதரைக்கு நிறுத்துறாங்க, நீங்க அஞ்சுக்கு ஆரம்பிக்கிறீங்க. புகார் கொடுத்தா மொதல்ல மாட்டுறது நீங்கதான்." பெருமாளுக்கும் விலக்கு இல்லையாம்.

அவரிடம்தான் சட்டத்தில் என்ன இருக்கிறது என்று உட்கார்ந்து கேட்டேன். இங்கே ஆளாளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். "பத்து மணி வரைக்கும் என்ன வேணா பண்ணலாம், யாரும் கேட்க முடியாது" என்பது ஒரு கட்சி, "வீட்டில் வாசிக்கவே கூடாது" என்பது இன்னொரு கட்சி. இரண்டும் தப்பு. 2000-ல் மத்திய அரசு கொண்டுவந்த ஒலி மாசு விதிகள்தான் கடலூருக்கும், எல்லையைத் தாண்டினால் புதுச்சேரிக்கும். குடியிருப்புப் பகுதியில் சத்தத்துக்கு வரம்பு பகலில் 55 டெசிபல், இரவில் 45. தனியார் இடத்தில் ஓடும் சவுண்ட் சிஸ்டமோ வாத்தியமோ அந்த இடத்தின் எல்லையில் இந்த அளவைவிட 5 டெசிபலுக்கு மேல் தாண்டக்கூடாது, அதாவது பகலிலும் 60-தான். ஆனால் முறைப்படி புகார் கொடுக்க, பகலில் அளவு 10 டெசிபலோ அதற்கு மேலோ தாண்டியிருக்க வேண்டும். இரவுக் கட்டுப்பாட்டை மீறினால் அந்தக் கணக்கே வேண்டாம், மீறியதே போதும். பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி மட்டுமில்லை, வாத்தியமும் சேர்ந்தேதான் தடை, மண்டபம் மாதிரி மூடிய அரங்குகளுக்குத்தான் விலக்கு. திருவிழாக் காலத்தில் 12 மணி வரை ஒலிபெருக்கிக்கு மாநில அரசு அனுமதி தரலாம், அதுவும் வருடத்துக்கு மொத்தம் 15 நாளுக்கு மிகாமல். அது விழாவுக்கு, விழாவுக்கான ரிகர்சலுக்கு இல்லை. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட் இவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலமாக இருக்கும் இடத்தில் அளவு இன்னும் குறைவு, பகலில் 50, இரவில் 40.

சரி, டெசிபல் என்றவுடன் எல்லோரும் போனை எடுத்து ஆப் போடுகிறார்கள். நானும் போட்டேன். டம்ளர் ஆடிக்கொண்டிருக்கிறது, ஆப் 58 காட்டுகிறது. என் போன் பொய் சொல்கிறது என்று நினைத்தேன். பாதி உண்மை, போன் மைக் அளவுகோலாகச் செய்யப்பட்டதில்லை, அதைக் காட்டி ஒன்றையும் நிரூபிக்க முடியாது. மீதிப் பாதிதான் சுவாரசியம். விதியில் சொல்லும் டெசிபல், மனிதக் காதின் கேட்கும் திறனுக்கு ஏற்ப எடை போட்டது, அந்தக் கணக்கில் தாழ்ந்த சுருதிக்கு மதிப்பு ரொம்பக் குறைவு. 63 ஹெர்ட்ஸ் பக்கம் வரும் கிக் ட்ரம் அதிர்விலிருந்து சுமார் 26 டெசிபலைக் கழித்துவிட்டுத்தான் எண்ணைக் காட்டும். போதாததற்கு அது சராசரி எண், பாட்டுக்குப் பாட்டு நடுவில் டீ குடிக்கும் நேரமும் சேர்ந்து கணக்கு இறங்கிவிடும். ஆக, உங்களைத் தூங்கவிடாமல் செய்வது எதுவோ அதுதான் மீட்டரில் கம்மியாகத் தெரியும். அதனால் எண்ணைப் பிடித்துக்கொண்டு சண்டைக்குப் போனால் தோற்பீர்கள். அதற்குப் பதிலாக ஒரு டைரியில் தேதி, ஆரம்பித்த மணி, முடித்த மணி மட்டும் எழுதி வையுங்கள். பத்து மணிக்கு மேல் போன நாட்களைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள், கடைசியில் உதவுவது அந்தப் பட்டியல்தான்.

முட்டை அட்டை கதையும் உண்டு. நம்மூரில் சத்தம் என்றால் உடனே யாராவது ஒருவர் "செவுரு பூரா முட்டை அட்டை ஒட்டச் சொல்லுங்க" என்பார். பையன்களும் நல்ல மனதோடு கடை கடையாக அலைந்து 200 அட்டை வாங்கி ஒட்டினார்கள். கொட்டகைக்குள் எதிரொலி கொஞ்சம் அடங்கி அவர்களுக்குப் பாட்டு தெளிவாகக் கேட்டது, எங்கள் டம்ளர் அதே மாதிரி ஆடியது. வெளியே போகும் சத்தத்தைத் தடுக்கக் கனம் வேண்டும், செங்கல் சுவர், இடைவெளி இல்லாத கதவு மாதிரி. காற்று மாதிரி இருக்கும் அட்டை என்ன செய்யும்? மேலே தகர ஷீட்டும் பக்கவாட்டில் திறப்பும் வைத்துக்கொண்டு உள்ளே எதை ஒட்டினாலும் வீண். நெருப்பு பட்டால் அட்டை அத்தனையும் பற்றிக்கொள்ளும், அது வேறு.

அப்புறம் மத்தியஸ்தம். வார்டில் செல்வாக்கான ஒருவரைக் கூட்டிப் போனால் காரியம் சுலபமாக முடியும் என்று தோன்றும். தயவுசெய்து வேண்டாம். அவர் எந்தக் கட்சி, இவர்கள் எந்தப் பக்கம் என்று பேச்சு போய், ட்ரம்ஸை விட்டுவிட்டு 20 வருடப் பகை ஒன்று மேலே வரும். தெரு வாட்ஸ்அப் குழுவில் வீடியோ போடுவதும் அப்படித்தான். ஃபியூஸைப் பிடுங்கலாமா என்று யோசிப்பவர்களும் இருக்கிறார்கள், அதைச் செய்தால் குற்றவாளி நீங்கள். அவர்கள் வாடகைக்கு இருந்தால் வீட்டுக்காரரிடம் போட்டுக் கொடுப்பதையும் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள், பேச்சுவார்த்தை அத்தோடு முடிந்தது.

போலீஸை முதல் நாளே கூப்பிடுவது அவசரம், எப்போதுமே கூப்பிடமாட்டேன் என்பதும் அசட்டுத்தனம். சொல்லிப் பார்த்தும் பத்து மணிக்கு மேல் தொடர்ந்து நடந்தால் 100-க்கோ 112-க்கோ அடிக்கலாம். அதற்கு மேல் என்றால் வாய்ப்பேச்சு போதாது, எழுத்தில் கொடுத்து மனு ரசீது வாங்குங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலும் கொடுக்கலாம். இங்கே தனி ஆளாகப் போவதுதான் தவறு. பொதுத் தொல்லை என்று கோட்டாட்சியர் நடவடிக்கை எடுக்க வேண்டுமானால், பி.என்.எஸ்.எஸ். என்கிற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 152-வது பிரிவுப்படி அது பொதுமக்களுக்கான தொல்லையாக இருக்க வேண்டும், உங்கள் ஒரு வீட்டுத் தூக்கம் மட்டும் கணக்கில் வராது. நாலைந்து வீட்டுக் கையெழுத்து வேண்டும், அதைக் கேட்டுப் போகும்போதுதான் தெரியும் யார் யாருக்கு அந்தப் பாட்டு பிடித்திருக்கிறது என்று. எனக்கு இரண்டு கையெழுத்துதான் கிடைத்தது, அதில் ஒன்று எங்கள் மாமியார். இத்தனையும் செய்து பொதுத்தொல்லை வழக்கில் ஜெயித்தாலும் பி.என்.எஸ். என்கிற புதிய தண்டனைச் சட்டத்தின் 292-வது பிரிவுப்படி அபராதம் அதிகபட்சம் 1000 ரூபாய். அதைக் கட்டிவிட்டு வந்து மறுபடி வாசிக்கப்போகிறவர் உங்கள் நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பார்.

கடைசியில் தீர்ந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நானே போய், அன்றைக்குக் கத்தினது தப்பு தம்பி என்று சொன்னேன், அதைச் சொல்ல ஒரு வருடம் ஆயிற்று. அவன் டம்ளரைப் பார்க்க வந்தான். நான் உள்ளே உட்கார, மேலே அவன் கூட்டாளி கிக் அடிக்க, அலமாரி கிணுகிணுத்தது. "ஐயோ, இவ்ளோவா சார்" என்றான். அந்த வாரமே ட்ரம்ஸுக்குக் கீழே கனமான ரப்பர் பாய் வந்தது, கிக்குக்குள் ஒரு பழைய தலையணை போனது, ஸ்பீக்கரைத் தரையிலிருந்து தூக்கி ஸ்டாண்டில் வைத்தார்கள். வார நாட்களில் ட்ரம்ஸே இல்லை, ஆக்டோபேட் என்கிற எலெக்ட்ரானிக் தாளப் பலகையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ரிதம்காரர் வாசிக்கிறார், வெளியே குச்சி படும் டப் டப் மட்டும். முழு செட்டோடு சனி, ஞாயிறு சாயங்காலம் ஐந்திலிருந்து எட்டரை. மார்ச்சில் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடியும்வரை அதுவும் கிடையாது. மாசி மகம், ஆடித் திருவிழா நெருங்கினால் கூடுதல் நாள் கேட்டு முன்கூட்டியே மெசேஜ் வரும், நாங்களும் அன்றைக்குச் சில்வர் பீச்சுக்கோ உறவுக்காரர் வீட்டுக்கோ போய்விடுவோம். எப்போது ஆரம்பிக்கும், எப்போது முடியும் என்று தெரிந்துவிட்டால் பாதிச் சத்தம் குறைந்த மாதிரி இருக்கிறது, ஏன் என்று தெரியவில்லை.

போன ஆடியில் எங்கள் தெருக்கோயில் திருவிழாவுக்கு அவர்கள் கச்சேரிதான். அந்தப் பாட்டை எடுத்தான். இரண்டாவது சரணத்தில் ஒரு வரியை விழுங்கிவிட்டு அடுத்த வரிக்குத் தாவினான், கூட்டம் கவனிக்கவே இல்லை, விசில் பறந்தது. மேடையிலிருந்து அவன் நேராக என்னைத்தான் பார்த்தான்.