சின்ன வயதில் படித்த குதிரைக் கதையை மறுபடி எடுக்கும்போது

முதல் தவறு புத்தகத்தைத் திறப்பதற்கு முன்பே நடந்துவிடுகிறது. "இதை நான் ஏற்கெனவே படித்தாயிற்று" என்று நினைத்துக்கொள்வதுதான் அது.

ஒரு குதிரையே தன் கதையைச் சொல்லும் ஆங்கில நாவலான 'பிளாக் பியூட்டி'யைப் பள்ளியிலேயே படித்துவிட்டதாக இருபது வருடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நான் படித்தது நான்-டீடெயில் பாணியில் வந்த ஒரு சுருக்கம். நாலு பக்கத்துக்கு ஒரு படம், கடைசியில் அருஞ்சொற்பொருள். முழு நாவலில் 49 அத்தியாயங்கள் இருக்கின்றன என்பதே பழைய புத்தகக் கடையில் அதைக் கையில் எடுத்த அன்றுதான் தெரிந்தது. சுருக்கியவர் குதிரையை விட்டுவைத்து, வண்டிக்காரர்களை வெட்டியிருந்தார். நாவலின் பாதி உயிர் வண்டிக்காரர்களிடம் இருக்கிறது.

எழுதிய அன்னா சூவெல் இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதிக்காரர். 14 வயதில் வழுக்கி விழுந்து கணுக்காலில் அடிபட்டது. அதற்கப்புறம் சரியாக நடக்கவே முடியவில்லை. எங்கே போவதென்றாலும் குதிரை வண்டிதான். நோயில் கிடந்த கடைசி வருடங்களில் எழுதிய இந்த ஒரே நாவல் 1877 நவம்பரில் வெளியானது. ஐந்து மாதத்தில் அவர் இறந்துவிட்டார். குழந்தைகளை மனதில் வைத்து அவர் எழுதவில்லை. குதிரையோடு பிழைப்பவர்கள் படிக்கட்டும் என்றுதான் எழுதினார். அதனால்தான் தலையை நிமிர்த்தியே வைத்திருக்கும் அந்தக் கடிவாள வாரைப் பற்றி அத்தனை பக்கங்கள். மேடு ஏறும்போது குதிரை தலையைத் தாழ்த்தித்தான் பாரம் இழுக்கும். வார் தாழ்த்த விடாது. கழுத்து வலிக்கும், மூச்சு முட்டும். சீமாட்டிகளுக்கோ தலை நிமிர்ந்த குதிரைதான் அழகு.

சுருக்கத்தில் வெட்டப்பட்டவர்களில் சாம் என்ற லண்டன் வண்டிக்காரரும் ஒருவர். குதிரையை ஏன் இப்படி வதைக்கிறாய் என்று மற்றவர்கள் கேட்கும்போது கணக்கைச் சொல்கிறார்: ஒரு வண்டிக்கும் இரண்டு குதிரைக்கும் முதலாளிக்கு நாள் வாடகை 18 ஷில்லிங். அதைச் சம்பாதித்த பிறகுதான் தன் வீட்டுக்கு ஒரு பென்னி. நாள் வாடகைக்கு ஆட்டோ ஓட்டுபவரிடம் பத்து நிமிடம் பேசியிருந்தால் இந்தக் கணக்கு உங்களுக்கும் தெரிந்திருக்கும். சின்ன வயதில் சவுக்கு பிடித்த கைமேல்தான் கோபம் வந்தது. இப்போது அந்தக் கைக்குப் பின்னால் இருக்கும் வாடகையும் சேர்ந்து தெரிகிறது. இதற்காகவாவது முழுப் பதிப்பைத் தேடிப் பிடியுங்கள்.

சுருக்கத்துக்கு அடுத்து ஏமாற்றுவது சினிமா. மான்குட்டி பாம்பியைத் தெரியாதவர் கிடையாது; ஆனால் நமக்குத் தெரிந்தது 1942இல் வந்த டிஸ்னி படம். வியன்னா எழுத்தாளர் ஃபெலிக்ஸ் சால்டனின் நாவல் 1923இல் புத்தகமாக வந்தது. அதில் கோபோ என்று ஒரு மான் உண்டு, படத்தில் கிடையாது. மனிதர்கள் எடுத்து வளர்த்த மான் அது. கழுத்துப்பட்டையோடு காட்டுக்குத் திரும்பி வந்து, மனிதன் நல்லவன் என்று எல்லாரிடமும் சொல்லும். அந்த நம்பிக்கையோடு திறந்தவெளியில் போய் நின்று குண்டடிபட்டுச் சாகும். படத்தை நினைத்துக்கொண்டு நாவலை எடுத்தவர் இந்த இடத்தில் ஆடிப்போவார்.

அப்புறம், நாலு புத்தகம் கூடுதலாகப் படித்த நம்மைப் போன்றவர்கள் செய்யும் தவறு ஒன்று இருக்கிறது. எந்த விலங்கைப் பார்த்தாலும் "இது உண்மையில் யாரைக் குறிக்கிறது?" என்று கேட்பது. சால்டன் யூதர், நாஜிகள் அவருடைய புத்தகத்தைத் தடை செய்தார்கள். ஆகவே மான் என்றால் யூதர், வேட்டைக்காரன் என்றால் துரத்துபவன் என்று ஒரு வாசிப்பு உண்டு. தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் சால்டன் தானே வேட்டைக்குப் போனவர். காட்டில் மணிக்கணக்கில் காத்துக் கிடந்து பார்த்தவர். பனிக்காலத்துப் பசியை அவர் எழுதும்போது அது மானின் பசிதான். வெள்ளாட்டுக் குட்டி ஒன்றின் கதையான பெருமாள்முருகனின் 'பூனாச்சி'க்கும் இதே கதி நேர்ந்தது. மனிதர்களைப் பற்றி எழுதப் பயம், மிச்சமிருப்பது ஆடுதான் என்கிற தொனியில் அவரே முன்னுரை எழுதியதால், பலர் அரசியலை மட்டும் உரித்தெடுத்துக்கொண்டு வெள்ளாட்டைத் தோலாக வீசிவிட்டார்கள். குட்டிக்குக் காது குத்திக் கணக்கில் சேர்ப்பது அரசைப் பற்றிய கிண்டல்தான், சரி. அந்தக் காது வலிப்பது உங்களுக்கு உறைக்காவிட்டால் கிண்டலும் உறைக்காது.

இதற்கு நேரெதிரான தவறு, விலங்கியல் வாத்தியாராகி மதிப்பெண் போடுவது. இது பழைய வியாதி. இயற்கை எழுத்தாளர் ஜான் பரோஸ் 1903இலேயே விலங்குக் கதைக்காரர்கள் சிலரைப் போலிகள் என்று சாடினார். 1907இல், அமெரிக்க அதிபராக இருந்துகொண்டே, தியோடர் ரூஸ்வெல்ட்டும் சண்டைக்கு வந்தார். எழுத்தாளர் ஜாக் லண்டனின் கதையில் ஓநாய் ரத்தம் கலந்த நாயை ஒரு புல்டாக் மடக்குகிறதே, அது எப்படி நடக்கும் என்பது அவர் வழக்கு. ஓர் அதிபருக்கு இதற்கு நேரமிருந்தது என்பது எனக்கு இன்னமும் ஆச்சரியம். கதைக்குள் அந்த விலங்கின் மூக்கும் காதும் பயமும் நம்பும்படி இருக்கிறதா என்று பாருங்கள், போதும். ரிச்சர்ட் ஆடம்ஸின் 'வாட்டர்ஷிப் டவுன்' நாவலில் வரும் முயல்களுக்கு நாலு வரைதான் எண்ணத் தெரியும்; அதற்கு மேல் எல்லாமே 'நிறைய'. உண்மையா பொய்யா என்று நான் தேடிப் பார்க்கவில்லை, தேடத் தோன்றவும் இல்லை.

அந்த நாவலை முயல் படம் போட்ட அட்டையை நம்பி ஆறு வயதுப் பிள்ளையிடம் கொடுப்பதும் தவறுதான். அதன் 1978ஆம் ஆண்டுப் படத்துக்கு பிரிட்டனில் எல்லாரும் பார்க்கலாம் என்று சான்றிதழ் கொடுத்தார்கள். எத்தனையோ பிள்ளைகள் பயந்து அழுத பிறகு, 2022இல்தான் பெற்றோர் துணை வேண்டும் என்று மாற்றினார்கள்.

கடைசியாக ஒன்று. சின்ன வயதில் அழுத இடத்தில் இப்போது அழுகை வராவிட்டால், புத்தகம் நீர்த்துவிட்டது என்றோ நாம் கல்லாகிவிட்டோம் என்றோ முடிவு கட்ட வேண்டாம். இடம் மாறியிருக்கும், அவ்வளவுதான். 'பிளாக் பியூட்டி'யில் ஜிஞ்சர் என்ற செம்பழுப்புக் குதிரை சாகும் இடத்தில் அன்று தேம்பித் தேம்பி அழுதேன். செத்த குதிரையை ஏற்றிய வண்டி கடந்து போகிறது, தலை தொங்குகிறது. அது ஜிஞ்சர் என்றே நினைக்கிறேன் என்று சொல்லும் கதைசொல்லிக் குதிரை, அதுவாகவே இருக்கட்டும் என்றும் ஆசைப்படுகிறது. அப்படியானால் அவள் பாடு முடிந்துவிடும் அல்லவா. தோழியின் சாவை வேண்டிக்கொள்ளும் அந்த வரி அன்று என் கண்ணில் படவேயில்லை. சுருக்கத்தில் இருந்ததோ என்னவோ.

போன விடுமுறையில் அக்கா மகள் முழுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனாள். மூன்றாம் நாள் போன் செய்தாள்.

"மாமா, அந்த வண்டியில போனது ஜிஞ்சர்தானா?"

"அந்தக் குதிரைக்கே சரியாத் தெரியலையேம்மா."

"இல்ல, வேற குதிரைதான்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.