சோறு ஊட்டும்போது பொறுமை: புதிய அம்மாக்களுக்கு ஒரு செய்முறை

என் மகளுக்கு ஒன்றரை வயதில், ஒரு கிண்ணம் பருப்பு சாதம் ஊட்ட ஒன்றேகால் மணி நேரம் ஆகும். கன்னத்தில் அதக்கி வைத்துக்கொள்வாள், துப்புவாள், கிண்ணத்தைத் தட்டிவிடுவாள். ஒரு நாள் தொடையில் அடித்துவிட்டேன். வாயில் சோற்றோடு அவள் அழுதது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அதன்பிறகு கற்றுக்கொண்டதை எழுதுகிறேன்.

1. கோபம் வரும் நேரத்தைக் குறித்து வையுங்கள்

மூன்று நாள் போதும். எத்தனை மணிக்குக் கத்தினோம், அப்போது நாம் சாப்பிட்டிருந்தோமா, முந்தின இரவு தூங்கினோமா என்று எழுதுங்கள். எனக்கு மூன்று நாளும் இரவு எட்டரை, மூன்று நாளும் வெறும் வயிறு. ஏழரைக்கே இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு ஊட்ட உட்கார ஆரம்பித்தேன். பாதிக் கோபம் அதிலேயே போய்விட்டது.

2. பயத்தை இறக்கி வையுங்கள்

கோபத்துக்கு அடியில் இருப்பது பெரும்பாலும் பயம்தான். "பிள்ளை மெலிஞ்சு போச்சே" என்று வருகிறவர்கள் எல்லாம் சொன்னால் எந்த அம்மாவுக்குத்தான் பதறாது? கணக்கைப் பாருங்கள். 3 கிலோவில் பிறந்த குழந்தை ஒரு வயதில் ஏறத்தாழ 9 கிலோ, அதாவது மூன்று மடங்கு. அடுத்த வருடம் முழுக்கக் கூடுவது 2 முதல் 2.5 கிலோதான். வளர்ச்சி நிதானமாகும்போது பசியும் குறையும். மாதம் ஒருமுறை அங்கன்வாடியில் எடை போட்டு, அட்டையில் கோடு ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால் நிம்மதியாக இருங்கள். ஏறாமல் நின்றாலோ இறங்கினாலோ குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

3. ஊட்டுவதற்கு அரை மணி நேரம், அவ்வளவுதான்

சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் முன்பிருந்தே பாலும் பிஸ்கட்டும் வேண்டாம். போனும் வேண்டாம். பழைய துணியை விரித்து நீங்களும் தரையில் உட்காருங்கள். நன்றாகக் குழைத்த சாதம் நாலு வாய் மட்டும் வையுங்கள், கேட்டால் இன்னும் போடலாம். அவர்கள் கையிலும் கொஞ்சம் கொடுங்கள், சிந்தட்டும். வாயை மூடித் தலையைத் திருப்பினால் போதும் என்று அர்த்தம். அந்தப் பேச்சை நாம் மதிக்க வேண்டும்.

4. துப்பும் அந்த நொடியில்

கிண்ணத்தைக் கீழே வைத்துவிடுங்கள். கையில் இருந்தால் திணிக்கத் தோன்றும். மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்கி ஐந்து முறை விடுங்கள். மெதுவாக விடும்போது இதயத் துடிப்பு தணியும். அப்படியும் அடங்கவில்லையா? வீட்டில் இருப்பவரிடம் "கொஞ்சம் பார்த்துக்கோங்க" என்று கொடுத்துவிட்டு எழுந்துவிடுங்கள். தனியாக இருந்தால் குழந்தையைப் பத்திரமாக உட்காரவைத்து, கண்பார்வையிலேயே தள்ளி நில்லுங்கள்.

5. கத்திவிட்டால்

மடியில் எடுத்து, "அம்மா கத்திட்டேன், தப்புடா தங்கம்" என்று சொல்லுங்கள். வார்த்தை புரியாத வயதிலும் குரல் புரியும்.

அப்புறம் ஒன்று. இரண்டு வாரத்துக்கு மேல் தினமும் அழுகையாக வந்தால், குழந்தையைத் தூக்கவே மனம் வராவிட்டால், அது பொறுமைக் குறைவு அல்ல. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவரிடம் இதே வார்த்தைகளில் சொல்லுங்கள்.