ஸ்நோடனை வைத்து விவாதம் நடத்துவது எப்படி?

எங்கள் வாசகர் வட்டத்தில் மாதம் ஒரு ஞாயிறு விவாதம் நடக்கும். நடுவர் வேலை பெரும்பாலும் என் தலையில்தான் விழும். அமெரிக்க உளவு நிறுவனமான என்.எஸ்.ஏ.வின் ரகசிய ஆவணங்களை 2013-இல் பத்திரிகைகளுக்குக் கொடுத்துவிட்டு ரஷ்யாவில் தஞ்சம் புகுந்த எட்வர்ட் ஸ்நோடனை முதல்முறை எடுத்தபோது "தியாகியா, துரோகியா?" என்று தலைப்பு வைத்தேன். காதுக்கு நன்றாகத்தான் இருந்தது. பத்தே நிமிடத்தில் ஒருவர் ரஷ்யாவைத் திட்ட, இன்னொருவர் அமெரிக்காவைத் திட்ட, டீ வருவதற்குள் கூட்டம் கலைந்துவிட்டது.

அதனால் தலைப்பைச் சின்னதாக்குங்கள். "விசில்புளோயர் என்ற சொல் அவருக்குப் பொருந்துமா?" இது போதும். பேச ஆரம்பிக்கும் முன், அந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பதைச் சொல்லிவிடுங்கள். தெருவில் அது, தப்பை அம்பலப்படுத்துகிறவர். அமெரிக்க உளவுத்துறைக்கான 1998-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது, துறையைக் கண்காணிக்கும் அதிகாரியான இன்ஸ்பெக்டர் ஜெனரலிடமோ நாடாளுமன்ற உளவுக் குழுக்களிடமோ முறையாகப் புகார் கொண்டுபோகிறவர். பத்திரிகை அந்தப் பட்டியலில் இல்லை. பாதிச் சண்டை இங்கேயே தீர்ந்துவிடும்.

அப்புறம் ஒரே ஓர் ஆவணத்தை மட்டும் மேசையில் வையுங்கள். ஸ்நோடன் கொடுத்து, 2013 ஜூன் 5 அன்று பிரிட்டனின் கார்டியன் நாளிதழ் வெளியிட்ட ரகசிய நீதிமன்ற உத்தரவு. வெரிஸான் என்ற அமெரிக்கத் தொலைபேசி நிறுவனம் தன் வாடிக்கையாளர்களின் அழைப்பு விவரங்களைத் தினமும் என்.எஸ்.ஏ.விடம் கொடுக்க வேண்டும் என்றது அது. யார் யாருக்கு, எப்போது, எத்தனை நிமிடம். பேச்சு அதில் இல்லை. "எல்லாத்தையும் ஒட்டுக்கேட்டாங்க" என்று யாராவது கிளம்பினால் அங்கேயே நிறுத்துங்கள்.

ஆதரவு அணியின் துருப்புச்சீட்டு ஜேம்ஸ் கிளாப்பர். 2013 மார்ச்சில், லட்சக்கணக்கான அமெரிக்கர்களைப் பற்றிய தகவல் எதையாவது திரட்டுகிறீர்களா என்று செனட்டர் ரான் வைடன் கேட்டபோது, இல்லை என்றார் அந்த உளவுத்துறைத் தலைவர். மூன்று மாதத்தில் அந்த உத்தரவு வெளியே வந்தது. 2015 மே மாதம் மேல்முறையீட்டு நீதிமன்றம், இப்படி மொத்தமாக அள்ளுவதற்குச் சட்டத்தில் இடமில்லை என்றது.

எதிரணிக்கும் கனமாக ஒன்று கொடுங்கள், இல்லாவிட்டால் விவாதம் பாராட்டுக்கூட்டமாகிவிடும். அவர் எடுத்துப்போன ஆவணங்களில் பெரும்பாலானவை தனிமனிதர்களின் அந்தரங்கத்தோடு சம்பந்தமில்லாதவை என்றது 2016-இல் பிரதிநிதிகள் சபையின் உளவுக் குழு. அப்படியானால், ஒரு காகிதத்துக்கு விசில்புளோயர், இன்னொன்றுக்கு இல்லை என்று ஆகுமா? நேரம் எவ்வளவு போனாலும் இந்தக் கேள்வியை விடாதீர்கள். என்னைக் கேட்டால், தொலைபேசி உத்தரவுக்கு அந்தச் சொல் பொருந்தும். வெளிநாட்டு உளவு விவரங்கள்வரை அதை இழுக்க எனக்கு மனம் வரவில்லை.

"நேர்வழியில் புகார் கொடுத்திருக்கலாமே?" என்று நிச்சயம் ஒருவர் கேட்பார். தாமஸ் டிரேக்கைத் தயாராக வைத்திருங்கள். அதே என்.எஸ்.ஏ.வில் உள்ளுக்குள்ளேயே முறையிட்டுப் பார்த்து, பிறகு ஒரு நிருபரிடம் பேசியவர். 2010-இல் பத்துக் குற்றச்சாட்டுகள். மறு ஆண்டு வழக்கு சுருங்கி, ஒரு சிறு குற்றத்துக்கு ஓராண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் 240 மணி நேரச் சமூக சேவையும் மிஞ்சின. அவரும் நிருபரிடம் போனவர்தானே என்று எதிரணி மடக்கும், மடக்கட்டும். ஸ்நோடன் ஒப்பந்த நிறுவன ஊழியர், அவருக்குச் சட்டப் பாதுகாப்பு இன்னும் பலவீனம் என்பதும் அப்போது வெளிவரும்.

"எல்ஸ்பெர்க் மாதிரி நீதிமன்றத்தில் நின்றிருக்கலாமே" என்பது அடுத்தது. வியட்நாம் போர் பற்றிய அரசின் ரகசிய ஆவணங்களைப் பத்திரிகைகளுக்குக் கொடுத்த டேனியல் எல்ஸ்பெர்க் 1971-இல் சரணடைந்தார், உண்மை. ஆனால் ஆவணங்களை ஏன் நகலெடுத்தார் என்று சொல்லவே அவரை விடவில்லை. 1973-இல் வழக்கு தள்ளுபடியானதற்குக் காரணம் அரசுத் தரப்பின் தில்லுமுல்லுகள். 1917-ஆம் ஆண்டு உளவுச் சட்டத்தில் "மக்கள் நலனுக்காகச் செய்தேன்" என்பது எதிர்வாதமாக எடுபடாது. ஸ்நோடன் மீதுள்ள மூன்று குற்றச்சாட்டுகளில் இரண்டு அதே சட்டத்தின் கீழ்தான்.

மாஸ்கோ, 2022-இல் கிடைத்த ரஷ்யக் குடியுரிமை எல்லாம் கடைசி ஐந்து நிமிடத்துக்கு. முன்னால் விட்டால் மற்றதை எல்லாம் விழுங்கிவிடும்.

தீர்ப்பு சொல்லாதீர்கள், கை தூக்கச் சொல்லுங்கள். இரண்டு தடவை: தெருப் பொருளில் ஒன்று, சட்டப் பொருளில் ஒன்று. போன தடவை முதலாவதற்குப் பதினொரு கை, இரண்டாவதற்கு ஒன்றே ஒன்று. அந்த ஒருவர் இன்னும் என்னோடு வாட்ஸ்அப்பில் வாதாடிக்கொண்டிருக்கிறார்.