இடர்க் கோடு ஏறினால் என்ன செய்வது?

ஸ்பிரின்ட் எனப்படும் இரண்டு வார வேலைச் சுற்றுகளாக வேலைசெய்யும் கொழும்பு மென்பொருள் அணிகளுக்கு ஒரு குறிப்பு: இடர்ப் பட்டியலைத் திட்டத்தின் தொடக்கத்தில் எழுதி மூடிவைத்துவிடாதீர்கள். ஒவ்வோர் இடரும் நிகழும் வாய்ப்பையும், நிகழ்ந்தால் வீணாகும் நாட்களையும் மதிப்பிட்டு, இரண்டையும் பெருக்கிக்கொள்ளுங்கள். இம்மதிப்பீட்டை முகாமையாளர் தனியே போடாமல், நிரல் எழுதுபவரிடமும் சோதிப்பவரிடமும் கேட்டுப் போடுவது மிக அவசியம்.

எடுத்துக்காட்டாக, ஒரு வங்கியின் சோதனைத் தளத்துக்கு அனுமதி தாமதமாகும் வாய்ப்பு 40 சதவீதம், இழப்பு 10 நாட்கள் என்றால், இடரின் அளவு 4 நாட்கள்; அடுத்த ஸ்பிரின்டிலும் பதில் வராமல் வாய்ப்பு 70 சதவீதமானால், அது 7 நாட்களாகிவிடும். எல்லா இடர்களின் கூட்டுத்தொகையையும் ஸ்பிரின்டுக்கு ஒரு புள்ளியாக வரைபடத்தில் குறித்துவந்தால், திட்டம் முன்னேற முன்னேற இறங்க வேண்டிய கோடு ஏறத் தொடங்குவது உடனே கண்ணில் படும். அப்போது புதிய அம்சங்களைத் தள்ளிவைத்து, இடரைக் குறைக்கும் வேலையையே, அதாவது வங்கிக்குக் காத்திராமல் வங்கித் தளத்தைப் போலப் பதிலளிக்கும் மாதிரிச் சேவையொன்றை அமைத்துச் சோதிப்பதை, பேக்லாக் எனும் செய்யவேண்டிய வேலைகளின் பட்டியலின் உச்சிக்குக் கொண்டுவாருங்கள்.

போயா தினங்களும் ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையும் நாட்காட்டியில் முன்பே இருப்பவை. அவற்றை இடராக எழுதாமல், அணியின் வேலைநாட்களிலிருந்து கழித்துவிடுவதே சரியென்று உறுதியாக நம்புகிறேன்.