5 மி.கி.க்குக் கீழே இறங்கியபோது

மூட்டுவாதத்துக்காக 2 ஆண்டுகள் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டேன். 10 மி.கி.யிலிருந்து 5 வரை குறைத்ததில் தொல்லையே இல்லை. 2.5-க்கு வந்த நான்காம் நாள், எழுந்து நின்றாலே கண் இருட்டியது. குமட்டல், அடித்துப் போட்டாற்போல் உடம்புவலி. வாதம்தான் திரும்பிவிட்டதென்று வலி மாத்திரை விழுங்கினேன். பயனில்லை. ஹீமோகுளோபின், தைராய்டு இரண்டும் சரி.

“மூட்டு வீங்கியிருக்கிறதா?” என்றார் மருத்துவர். இல்லை, வலி தசையில்தான். காலை 8 மணிக்குக் கார்டிசால் (அட்ரீனல் சுரப்பி சுரக்கும், உடம்பின் சொந்த ஸ்டீராய்டு) பரிசோதனை எழுதினார். அன்றைய மாத்திரையைப் போடாமல் போக வேண்டும். போட்டால் அளவு தவறாகக் காட்டலாம். முதல் நாள் பழக்கதோஷத்தில் போட்டுவிட்டு, வெறுங்கையோடு திரும்பினேன்.

முடிவு மிகக் குறைவு. இத்தனை நாள் மாத்திரையில் தூங்கிப்போன அட்ரீனல் சுரப்பி இன்னும் விழிக்கவில்லை. மறுபடி 5, ஓரிரு நாளில் கண் இருட்டுவது நின்றது. இப்போது மாதம் 1 மி.கி. வீதம் குறைக்கிறேன். அந்த 1 மி.கி. மாத்திரைக்குத்தான் மூன்று மருந்துக்கடை ஏறி இறங்கினேன்.