வீடு எரிந்துபோன பக்கத்து வீட்டாருக்கு எப்படி உதவுவது

தீ அணைந்ததும் எல்லோரும் முதலில் செய்வது, பீரோவைத் திறந்து பழைய துணியை மூட்டை கட்டுவதுதான். கொஞ்சம் பொறுங்கள். தங்கவே இடமில்லாதவர்கள் அந்த மூட்டையை எங்கே வைப்பார்கள்? அன்றைக்கு ராத்திரி அவர்களுக்கு வேண்டியது புது உள்ளாடை, செருப்பு, போன் சார்ஜர், தினமும் போடும் மாத்திரை. அளவு கேட்டு வாங்கிக் கொடுங்கள். "என்ன வேணும்?" என்று கேட்டால் "ஒண்ணும் வேண்டாம்" என்றுதான் பதில் வரும். "குழந்தைகளை இன்றைக்கு நான் பார்த்துக்கிறேன்" என்று நேராகச் சொல்லிவிடுங்கள்.

உதவுகிறேன் என்று துடைப்பத்தோடு இறங்காதீர்கள். காப்பீடு இருந்தால் கரிந்த பொருளெல்லாம் சாட்சி. ஒவ்வொரு அறையையும் படமெடுக்காமல் எதையும் அகற்ற வேண்டாம். நனைந்து ஒட்டிக்கொண்ட போட்டோக்களைப் பிய்க்க வேண்டாம். பிளாஸ்டிக் பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்தால் பின்னால் காப்பாற்ற வழியுண்டு.

அப்புறம், உங்கள் போனைத் துழாவுங்கள். அவர்கள் வீட்டுப் பிறந்தநாளில் நீங்கள் எடுத்த படத்தில், கேக்குக்குப் பின்னால் டிவி, பீரோ, சுவர்க்கடிகாரம் எல்லாம் தெரியும். இழந்ததைப் பட்டியல் போட அது கைகொடுக்கும். அந்தப் படமே இப்போது அவர்களிடம் இல்லாமலும் இருக்கலாம்.