வரி பாக்கியோடு வீட்டை விற்கும்போது

அம்மாப்பேட்டையில் அப்பா கட்டிய வீட்டை விற்கக் கிளம்பியபோது 5 வருஷ சொத்து வரி பாக்கி. வாங்க வந்தவரிடம் அதை மறைத்தது என் தப்பு. சொல்லிவிடுங்கள், எப்படியும் மாநகராட்சி ரசீது கேட்பார்கள். வரி அரையாண்டுக் கணக்கு, வரிவிதிப்பு எண்ணைப் போட்டால் நிலுவை ஆன்லைனிலேயே தெரியும். கையில் காசில்லையா? அட்வான்ஸிலிருந்து கட்டுவதாக, தொகையோடு, ஒப்பந்தத்தில் எழுதுங்கள். குடிநீர்க் கட்டணத்தையும் மறக்காதீர்கள்.

பெரிய தலைவலி, வீட்டின் மேல் பதிவான அடமானம், விற்பனைகளைக் காட்டும் வில்லங்கச் சான்றுதான். எடுத்துப் பார்த்தால், அப்பா எப்போதோ அடைத்த வங்கிக் கடன் அப்படியே நிற்கிறது! கடன் தீர்ந்த கடிதம் அவருடைய ரெக்சின் பையில், மஞ்சளேறி, நான்காய் மடித்துக் கிடந்தது. அது மட்டும் போதாது. கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணத்தை வங்கி எழுதிக் கொடுத்து, அதை சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். பிறகு புதிதாக வில்லங்கம் போட்டு, அந்தப் பதிவு ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிரயத் தேதி குறியுங்கள்.